நாலு வருட லாட அனுபவம்: ஆல்பர்ட்டா பனியிலிருந்து அரியமான் மணலுக்கு

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் குதிரை வாங்கிக் கட்டிய புதிதில் லாடம் அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். வந்த பெரியவர் பையிலிருந்து முதலில் எடுத்தது அரமும் இல்லை, குறடும் இல்லை, நல்ல கனத்த கயிறு. "தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க, சாய்ச்சிருவோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலமெல்லாம் மாட்டுக்கு லாடம் அடித்த மனிதர். மாட்டைக் காலைக் கட்டிப் படுக்கவைத்து, பிளந்த குளம்பில் காலுக்கு இரண்டு துண்டாக அடிப்பார்கள். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, நின்றபடியே காலைத் தூக்கிப் பிடித்து அடிக்க வேண்டும். அன்றைக்கு நான்தான் காலைப் பிடித்தேன்.

கனடாவில், ஆல்பர்ட்டாவில், ஒரு குதிரைப் பண்ணையில் ஆறு குளிர்காலம் வேலை பார்த்தவன் நான். மைனஸ் 25 டிகிரியில் லாடம் போட்ட குதிரையை வெளியே விட்டால், லாடத்துக்குள் இருக்கும் குழியில் பனி அப்பிக் கட்டியாகி, குதிரை ஹை ஹீல்ஸ் போட்டதுபோல் தள்ளாடும். கொக்கியால் தட்டித் தட்டி எடுத்தே கை மரத்துப்போகும். அதற்காகவே லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு பட்டை வைப்பார்கள், மிதிக்கும்போது அது அமுங்கி எழும்பிப் பனியை வெளியே தள்ளிவிடும். வழுக்காமல் இருக்க லாடத்தில் டங்ஸ்டன் கார்பைடு குமிழ்களும் உண்டு. பலர் குளிர் வந்ததுமே லாடத்தைக் கழற்றிவிட்டு வெறுங்குளம்போடு விட்டுவிடுவார்கள், பனியில் அதுதான் நல்ல பிடிப்பு. குளிரில் குளம்பு வளர்வதும் மெதுவாகிவிடும், ஒரு தடவை குளம்பைச் சீவிவிட்டால் எட்டு வாரம் வரை தாங்கும்.

இதையெல்லாம் பார்த்தவன் என்ற தெனாவெட்டில் இங்கேயும் வெறுங்குளம்பு போதும் என்று ஆரம்பித்தேன். அரியமான் கடற்கரை மணலில் ராஜநடைதான். ஆனால் சித்திரை வெயிலில் தார்ரோட்டில் ஏற்றியதும் குளம்பு ஓரம் ஓரமாகச் சிதற ஆரம்பித்தது. போதாததற்கு நம்ம மாவட்டத்துச் சீமைக்கருவேல முள்! குளம்புக்கு அடியில் முக்கோணமாக ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்குமே, அதற்குள் போய் ஒடிந்துகொண்டால் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். இரண்டு மாதத்தில் முன்னங்காலுக்கு மட்டும் லாடம் என்று இறங்கிவந்தேன், அப்படித்தான் அந்தக் கயிற்றுப் பெரியவர் வந்தார்.

கணக்கும் மாறியது. குளம்பு பொதுவாக மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். இங்கே குளிர் என்று ஒன்று வந்து அதைக் குறைப்பதில்லை. உப்புக்காற்றில் ஆணித்தலையும் துருப்பிடித்து அரித்துவிடும். ஐந்து வாரம், மிஞ்சினால் ஆறு, அதற்கு மேல் தள்ளினால் லாடம் ஆடும்.

பெரியவரிடம் குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது தடவை ஓர் ஆணியைக் குளம்பின் கெட்டியான ஓரத்தைத் தாண்டி உள்ளே சதைப்பக்கம் போகும்படி அடித்துவிட்டார். மறுநாள் காலையில் குதிரை முன்னங்காலை நீட்டி நுனியை மட்டும் தரையில் வைத்து நிற்கிறது, குளம்பைத் தொட்டால் கொதிக்கிறது. ஆணியைப் பிடுங்கினால் கூடவே கறுப்பாக நீர் வந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்து, டாக்டரை வரவழைத்து டெட்டனஸ் ஊசி போட்டு, பத்து நாள் குதிரை வண்டி ஓடவில்லை. சொன்னதும் பெரியவர் அன்றைக்கே பஸ் பிடித்து வந்தார். சப்பைக்கட்டு கட்டவில்லை. அந்த ஆணியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வோர் அடிக்கும் நிறுத்திக் காது கொடுக்கிறார். கெட்டியான பாகத்தில் ஆணி போனால் சத்தம் கணீரென்று வரும், மெத்தென்று கேட்டால் உடனே பிடுங்கிவிடுவார். மூன்றே முக்கால் வருடமாக ஒரு தப்பும் இல்லை. ஆல்பர்ட்டாப் பண்ணைக்கு லாடம் அடிக்க வந்த கனடாக்காரர் கொண்டுவரும் உபகரணத்தில் பாதிகூட இவரிடம் கிடையாது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் கவனிப்பில்லாமல் செத்துக்கொண்டே இருந்ததாகவும், வியாபாரம் படுத்துவிடும் என்று குதிரை வியாபாரிகள் லாடக்காரர் யாரையும் இந்தப் பக்கம் வரவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அய்யனாருக்கு நாம் எடுக்கும் மண்குதிரைக்கு அந்தத் தொல்லை இல்லை.

மழைக்காலம்தான் எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம். ஆல்பர்ட்டாவில் பனி உருகும்போது வருகிற அதே குளம்பு அழுகல், அதே நாற்றம், இங்கே ஐப்பசி கார்த்திகையில். கொட்டகைத் தரையை மேடாக்கி மணல் போட்டு, தினமும் கொக்கியால் சுத்தம் செய்து, துடைத்துக் காயவைத்து, மயில்துத்தக் கரைசலை அழுகிய இடத்தில் மட்டும் தொட்டு வைக்கிறேன். புண்ணில் பட்டால் எரியும், பார்த்து. எண்ணெயைக் கண்டபடி பூசாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கூலி முதலில் 600 வாங்கினார், இப்போது ஆயிரம், பஸ் காசு தனி. தை மாதப் பந்தயத்துக்கு மாடுகள் அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டும், அதனால் கார்த்திகையிலேயே நாள் சொல்லி வாங்கிவிடுகிறேன்.