பனியில் கருகிய கன்று: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

ஊட்டியைச் சுற்றித் தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்தக் கேள்வி வரும். உறைபனியில் வெந்து கறுத்துப்போன கன்றைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைப்பதா, வேரில் உயிர் இருக்கும் என்று விட்டுவைப்பதா? எங்கள் பட்டர் ப்ரூட் ஒட்டுக்கன்றுகளை இந்த முறை விட்டுவைத்தோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

சீசன் பூச்செடிகளுக்கு அலசலே தேவையில்லை. சால்வியா, டேலியா நாற்று கருகினால் மாற்றிவிட வேண்டியதுதான். தாவரவியல் பூங்காவிலேயே மே மாத மலர்க்காட்சிக்கான நாற்றுகளைக் கோத்தகிரி மிலாறு என்ற செடியைப் போட்டு மூடிக் காப்பாற்றுகிறார்கள், கருகவிட்டுக் காத்திருப்பதில்லை. நன்றாக வேரூன்றிய தேயிலைக்கும் கவலை வேண்டாம். மேல் இலை கருகினாலும் கோடை மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். இழுபறி எல்லாம் இளம் பழக்கன்றுகளிடம்தான்.

பிடுங்குவதற்கு ஒரு வலுவான நியாயம் உண்டு: இடத்தை மாற்றலாம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கீழ்ப்பக்கம் காம்பவுண்டு சுவர் இருந்தால் அதை ஒட்டியே நிற்கும். அங்கே வைத்த கன்று இந்த வருஷம் பிழைத்தாலும் அடுத்த டிசம்பரில் மறுபடி கருகும். அப்படிப்பட்ட குழி என்றால் நானும் மேட்டுக்கு மாற்றவே சொல்வேன்.

மற்றபடி அவசரம் எதற்கு என்று புரியவில்லை. பிப்ரவரியில் புதுக்கன்று வைத்தால் மிச்சமிருக்கும் பனி அதையும் பிடிக்கலாம். தப்பினால் மார்ச் வெயிலில் தண்ணீர் சுமக்க வேண்டும். எப்படியும் இங்கே நடவுக்குத் தோதான காலம் ஜூன் மழைதான். அதுவரை பழைய கன்று குழியில் நிற்பதால் நமக்கு நஷ்டம் இல்லை. நர்சரிக்காரர் “வேர்ல ஒண்ணும் இருக்காது சார், புதுசு வச்சிடுங்க” என்றுதான் சொல்வார். அவர் வியாபாரம் அது.

விட்டுவைக்கும்போது கை சும்மா இருப்பதுதான் கஷ்டம். கருகிய கிளையை உடனே வெட்டக்கூடாது. எதுவரை செத்திருக்கிறது என்பது துளிர் வந்த பிறகே தெளிவாகத் தெரியும். இலை இல்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது; பழைய கணக்கில் ஊற்றினால் வேர் அழுகும். யூரியா வேண்டாம். நிழல் போன தண்டு வெயிலில் வெந்துவிடும் என்பதால் நீர்த்த சுண்ணாம்பு பூசலாம். சந்தேகம் வந்தால் நுனியிலிருந்து கீழ்நோக்கி நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கடியில் பச்சை தெரியும் இடம்வரை உயிர் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். துளிர் வந்ததா என்பதைவிட, எங்கிருந்து வந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒட்டுக்கன்றில் ஒட்டுக்கு மேலே இருப்பதுதான் நாம் காசு கொடுத்து வாங்கிய ஹாஸ் என்ற பட்டர் ப்ரூட் ரகம். கீழே இருப்பது விதையில் முளைத்த ஏதோ ஒரு வேர்ச்செடி. பனி ஒட்டுவரை கொன்றுவிட்டால் கீழிருந்து கொழுகொழுவென்று துளிர் கிளம்பும். வீடே சந்தோஷப்படும். ஆனால் அந்த மரம் என்ன பழம் தரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒட்டு மரம் மூன்று நான்கு வருஷத்தில் காய்த்தால், விதை மரம் அதைப்போல இரண்டு மடங்குகூட எடுத்துக்கொள்ளும்.

ஆகவே பனிக்காலத்துக்கு முன்பே ஒட்டு இருக்கும் இடத்துக்கு மேலே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவையுங்கள். தண்டு கறுத்த பிறகு அந்த ஒட்டு முடிச்சு எது என்று கண்டுபிடிப்பது சிரமம். கோடு இல்லாவிட்டால் ஒரு சின்னச் சோதனை: புதுத் துளிர் இலையைக் கசக்கி முகருங்கள். சோம்பு வாசனை அடித்தால் அது மெக்சிகோ வகை வேர்ச்செடி. ஹாஸ் இலையில் அந்த வாசனை இருக்காது. வாசனை இல்லை என்பதற்காக ஹாஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது. ரோஜாவிலும் இதே கதைதான். ஒட்டுக்குக் கீழே கிளம்புவதைக் கிள்ளி எறியாவிட்டால் மேலே உள்ள ரகத்தை அது அமுக்கிவிடும்.

எங்கள் கன்றுகளில் ஒன்று ஒட்டுக்கு மேலே துளிர்த்தது. அதற்காகக் காத்திருந்தது முழு லாபம். இன்னொன்று கீழே துளிர்த்தது. அதையும் நான் பிடுங்கவில்லை. மண்ணைப் பிடித்த வேர் இருக்கிறது, அதன் மேலேயே ஹாஸ் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி ஒட்டுக் கட்டலாம் என்று ஒட்டுக்கட்டும் அண்ணன் ஒருவர் சொன்னார். கட்டியிருக்கிறோம், பிடித்ததா என்று சொல்ல இன்னும் நாளாகும். ஆரஞ்சு, எலுமிச்சைக்கு இதே கணக்கு ஓடுமா என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. விதையில் முளைத்த பட்டர் ப்ரூட் என்றால் தொல்லையே கிடையாது, எங்கிருந்து துளிர்த்தாலும் அதே மரம்தான்.

ஜூன் மழை பிடித்தும் துளிர் இல்லை, தரைவரை சுரண்டினாலும் பழுப்புதான் என்றால் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கியதும் வேரைப் பாருங்கள். மெல்லிய வேர்கள் கறுத்து, தொட்டால் ஒடிகிற மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது தண்ணீர் தேங்கி வந்த வேரழுகல். அந்தக் குழியில் இன்னொரு பட்டர் ப்ரூட் வேண்டாம்.