குயிக்ரீட் ரீ-கேப்: தேய்ந்த டிரைவ்வேக்கு ஒரு நூல் கனத்தில் புதுத் தளம்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் இருபது, முப்பது வருடம் ஆன வீட்டை வாங்கினால் டிரைவ்வேயில், அதாவது கராஜ் வாசலில் கார் ஏறும் தளத்தில், கான்கிரீட்டின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளிருக்கும் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். காரோடு வரும் உப்புத் தண்ணீர் மேல்பரப்பில் ஊறி, உறைந்து, உருகி, மறுபடி உறைவதால் வரும் சேதம் அது. தளம் போடும்போதே மேலே கசிந்து நின்ற தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்துவிட்டிருந்தால் மேல்தோல் பலவீனமாகி இன்னும் சீக்கிரம் போகும். கான்ட்ராக்டர்கள் பலர் இதைப் பார்த்ததும் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடத்தான் விலை சொல்வார்கள். அடியில் இருக்கும் கான்கிரீட் திடமாக இருக்கும்போது அது அநியாயச் செலவு.

குயிக்ரீட் கம்பெனியின் ரீ-கேப் கான்கிரீட் ரீசர்ஃபேசர் (பழைய தளத்தின் மேல் மெல்லிசாகப் பூசும் கலவை) இந்த நிலைக்கென்றே செய்த சரக்கு. போர்ட்லாண்ட் சிமெண்ட், நைஸ் மணல், பாலிமர் (பிடிப்புக் கொடுக்கும் பிசின் போன்ற பொருள்) மூன்றும் கலந்து 40 பவுண்டு மூட்டையாக ஹோம் டிப்போ போன்ற கடைகளில் கிடைக்கிறது. பாலிமர்தான் இதன் உயிர். வெறும் சிமெண்டும் மணலும் கலந்து ஒரு நூல் கனத்தில், அதாவது 1/8 அங்குலத்தில் பூசினால், இறுகுவதற்குள் தண்ணீர் வற்றி அப்பளமாகப் பெயர்ந்து வந்துவிடும். ரீ-கேப் அந்தக் கனத்திலும் பழைய தளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கீழே பிடிப்புக் கொடுக்கத் தளம் இருக்க வேண்டும். ரீசர்ஃபேசரைத் திட்டி எழுதப்படும் புகார்களில் முக்கால்வாசி அடியில் இருந்த தளத்தின் மேல் சொல்ல வேண்டியவை.

வாங்கும் முன் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு தளம் முழுக்க அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொக்கென்று கேட்கும் இடத்தில் மேல் அடுக்கு ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது. அதை உளியால் கொத்தி எடுத்தே ஆக வேண்டும். தளத்தில் பாதிக்கு மேல் அப்படிக் கேட்டால் பெயர்த்துப் போடுவதுதான் வழி. விரிசலின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கியோ தூக்கியோ இருந்தால் அடியில் மண் நகர்கிறது. அதன் மேல் எதைப் பூசினாலும் அடுத்த பனிக்காலத்துக்குள் அதே கோட்டில் விரியும். மழை பெய்தால் வீட்டுச் சுவரைப் பார்த்துத் தண்ணீர் ஓடுகிற அளவுக்குச் சாய்ந்த தளத்துக்கும் இந்தச் சரக்கு பதில் இல்லை. ஒரு நூல் கனம் வாட்டத்தை மாற்றாது.

கழுவுவதற்கு குயிக்ரீட் சொல்வது குறைந்தது 3,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம். வீட்டில் சைடிங் (வெளிச்சுவர்ப் பலகை) கழுவ வைத்திருக்கும் சின்ன எலெக்ட்ரிக் பிரஷர் வாஷர் இதற்குக் காணாது. பெட்ரோல் மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். இந்த வேலையில் குறைக்கக் கூடாத செலவு இதுதான். கழுவின இடத்தை விரலால் தேய்த்தால் மாவு ஒட்டக் கூடாது, மணலின் சொரசொரப்பு தெரிய வேண்டும். என்ஜின் ஆயில் கறையை எண்ணெய்ப் பசை நீக்கும் டீகிரீஸரும் முரட்டுப் பிரஷும் வைத்துத் தேய்த்து எடுத்த பிறகு, கழுவி நன்றாகக் காய்ந்த தளத்தில் நாலைந்து இடங்களில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே இறங்கினால் சரி. முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய சீலரோ (தண்ணீர் இறங்காமல் இருக்க அடிக்கும் பூச்சு) இன்னும் இருக்கிறது. சீலர் அடித்த தளமென்றால் கிரைண்டர் போட்டுத் தேய்த்தே தீர வேண்டும்.

குழிகளையும் அசையாத விரிசல்களையும் முதல் நாளே நிரப்பிவிடலாம். அதற்கும் ரீ-கேப்பே போதும்: ஐந்து பங்கு பவுடருக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் கலந்து கரணையால் அழுத்தி அடைக்க வேண்டும். ரப்பர் மாதிரி இளகும் கிராக் ஃபில்லரை அடைத்து அதன் மேல் பூசுகிறவர்கள் உண்டு. சிமெண்ட் அதில் ஒட்டாது. அந்த விரிசலின் வடிவத்திலேயே மேல்பூச்சு உரிந்து வரும்.

இப்போது அளவு. ஒரு மூட்டை ஒரு நூல் கனத்தில் சுமார் 35 சதுர அடிக்கு வரும். இருபதுக்கு இருபது அடி டிரைவ்வே 400 சதுர அடி, கணக்குப்படி 12 மூட்டை. ஜல்லி தெரிகிற அளவுக்குத் தேய்ந்த தளம் குழிகளிலேயே சரக்கைக் குடிக்கும் என்பதால் 14, 15 வாங்குவது நல்லது. எல்லாம் ஒரே நாளில் ஒரே அடுக்கிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். பாதியில் கடைக்கு ஓடினால் வேலையும் நிற்கும், நிறமும் மாறலாம். மூட்டைகளுக்கு ஆகும் செலவு சில நூறு டாலர். அதே பரப்பைப் பெயர்த்துப் புதிதாகப் போடச் சில ஆயிரம் ஆகும்.

ஐந்து கேலன் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். ஒரு மூட்டைக்குச் சுமார் மூன்றரை குவார்ட், அதாவது 3.3 லிட்டர். அரை அங்குல டிரில்லில் பேடில் (கலக்கும் துடுப்பு) மாட்டி ஐந்து நிமிடம் விடாமல் அடிக்க வேண்டும். தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, ஊற்றினால் தானே பரவும் பதத்தில் இருக்க வேண்டும். இழுக்கக் கஷ்டமாக இருக்கிறதென்று வாளியில் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுவது பலர் செய்யும் தப்பு. ஊற்றும்போது வித்தியாசம் தெரியாது. ஒரு மாதம் கழித்து மேல்பரப்பு மாவாக உதிரும். வாளிக்கு வாளி தண்ணீர் மாறினால் பட்டை பட்டையாக நிறமும் மாறும், ஆகையால் அளவுக் குவளை இல்லாமல் இறங்க வேண்டாம். பவுடரைக் கொட்டும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, என்95 மாஸ்க் கட்டாயம். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், ரப்பர் கையுறையும் வேண்டும்.

எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் கலவை கைக்கு அடங்குவது சுமார் இருபது நிமிடம். தொண்ணூறை நெருங்கினால் அந்த நேரம் இன்னும் குறையும். ஐம்பதிலிருந்து தொண்ணூறு டிகிரி வரைதான் இதற்கு உரிய சூடு, அதுவும் காற்றில் அல்ல, தளத்தைத் தொட்டால் இருக்கும் சூடு. கோடையில் நிழல் விழும் நேரமாகப் பார்த்து, குளிர்ந்த தண்ணீரில் கலப்பது நல்லது. ஒரே வீச்சில் 144 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது என்பது கம்பெனி சொல்லும் எல்லை. பழைய தளத்தில் பத்தடிக்கு ஒன்றாக வெட்டிவிட்ட கோடுகள் இருக்குமே, அந்தக் கட்டம் ஒவ்வொன்றையும் தனி வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்துக் கட்டத்துக்கு மூன்று மூட்டை. ஒருவர் கலக்க ஒருவர் இழுக்க, இரண்டு பேர் இல்லாமல் முடியாது.

அந்த வெட்டுக் கோடுகளை மூடவே கூடாது. ஃபோம் வெதர்ஸ்ட்ரிப்பை (கதவு இடுக்கை அடைக்கும் பஞ்சு போன்ற பட்டை) கோட்டுக்குள் அழுத்தி வைத்துவிட்டு, பூச்சு இறுகியதும் உருவி எடுங்கள். மூடிவிட்டால் குளிரில் தளம் சுருங்கும்போது கோட்டுக்கு மேலேயே கோணல்மாணலாக விரியும்.

ஊற்றுவதற்குச் சற்று முன் தளத்தை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். பார்க்க ஈரநிறமாக இருக்கும், மேலே பளபளப்பு இருக்காது. அந்தப் பதம்தான் வேண்டும். உலர்ந்த தளம் கலவையின் தண்ணீரை உறிஞ்சிப் பிடிப்பைக் கெடுக்கும். தேங்கிய தண்ணீர் கலவையை நீர்க்க வைக்கும். நீளக் கைப்பிடி ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்பு வைத்த தள்ளுகட்டை) முதலில் நுண்துளைகளுக்குள் போகும்படி அழுத்தித் தேய்த்து, பிறகு இழுத்துச் சமப்படுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஈரத் துடைப்பத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிறுத்தாமல், கார் போகும் திசைக்குக் குறுக்கே இழுத்தால் வழுக்காத கோடுகள் விழும். நடுவில் நிறுத்தினால் அங்கே தழும்பு நிற்கும், பின்னால் அதைச் சரிசெய்ய முடியாது. பேட்டியோவுக்கும் (வீட்டை ஒட்டி வெளியே உட்காரும் தளம்) இதே முறைதான். வண்டிப் பாரம் இல்லாததால் அங்கே தப்பு கொஞ்சம் பொறுக்கும்.

பூச்சு முடியும் ஓரங்களைப் பற்றி மூட்டையில் போதுமான அளவு சொல்லவில்லை என்பது இந்தச் சரக்கின் மேல் உள்ள நியாயமான குறை. கராஜ் வாசலில் பூச்சைக் காகிதம் போல மெலியவிட்டு முடித்தால், தினமும் டயர் ஏறும் அந்த விளிம்புதான் முதலில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அங்கே கிரைண்டரால் இரண்டு நூல் ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, அதற்குள் பூச்சு முடியும்படி செய்தால் ஓரத்திலும் கனம் கிடைக்கும். அடுத்த குறை நிறம். காய்ந்ததும் வரும் சாம்பல் நிறம் பக்கத்து நடைபாதையின் பழைய கான்கிரீட்டோடு சேராது. ஒரு மூலையை மட்டும் ஒட்டுப்போட இதை வாங்காதீர்கள், கட்டம் முழுவதும் பூசினால்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

ஆறு மணி நேரத்தில் நடக்கலாம், 24 மணி நேரத்தில் கார் ஏற்றலாம் என்று மூட்டை சொல்கிறது. குளிர் நாட்களில் காருக்கு இன்னும் ஒரு நாள் கொடுங்கள். காற்றோ வெயிலோ அதிகமென்றால் இறுகியதும் ஒன்றிரண்டு நாள் பூந்தூறலாகத் தண்ணீர் தெளித்துவர வேண்டும். இல்லாவிட்டால் மயிரிழை வெடிப்புகள் வலை போலப் படரும். 28 நாள் கழித்து சிலேன்-சைலோக்சேன் வகை ஊடுருவும் சீலர் அடிக்கலாம். முதல் பனிக்காலத்தில் உப்பு வேண்டாம், வழுக்கலுக்கு மணல் தூவினால் போதும். அம்மோனியம் சல்பேட் அல்லது அம்மோனியம் நைட்ரேட் கலந்த பனியுருக்கிகளை எந்த வருடமும் போடாதீர்கள். அவை சிமெண்டையே கரைக்கும்.