காசில் ஃபால்கன்ஸ்டைன்: நான்கு ஆண்டுகள் ஆன்லைனில் ஆள் சேர்த்து ஆடிய அனுபவம்

‘காசில் ஃபால்கன்ஸ்டைன்’ ஒரு ரோல்பிளே விளையாட்டு, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை நடத்துவது. அதை ஆட ஆள் கேட்டு முதல் முறை நான் எழுதிய அழைப்பு மூன்று பக்கம் நீளம். 1870ஆம் ஆண்டு ஐரோப்பா, பவேரியாவின் மன்னர் இரண்டாம் லுட்விக், அவருடைய நாட்டை விழுங்கப் பார்க்கும் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க், மனிதர்களுக்கு நடுவே வாழும் தேவதைகள், குள்ளர்கள், டிராகன்கள், நீராவியில் ஓடும் ராட்சத இயந்திரங்கள் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். இரண்டு பேர் ஆர்வமாகப் பதில் போட்டார்கள். ஆட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமே வரவில்லை.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது என்னிடம் இரண்டு நிலையான குழுக்கள் இருக்கின்றன. இதே மாதிரி விளையாட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். ‘காசில் ஃபால்கன்ஸ்டைன்’ 1994இல் ஆர். டால்சோரியன் கேம்ஸ் வெளியிட்டது. ‘சைபர்பங்க்’ விளையாட்டை உருவாக்கிய மைக் பாண்ட்ஸ்மித்தின் படைப்பு. லுட்விக் மன்னர் நிஜ வாழ்க்கையிலும் கோட்டைப் பைத்தியம். ஃபால்கன்ஸ்டைன் என்ற மலையுச்சியில் ஒரு கோட்டை கட்டத் திட்டம் போட்டு வரைபடமெல்லாம் தயாரான நிலையில், 1886இல் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் இறந்துபோனார். கோட்டை கட்டப்படவே இல்லை. விளையாட்டின் உலகத்தில் அது கட்டி முடிக்கப்பட்டு நிற்கிறது. எனக்கு இந்த விளையாட்டின்மேல் ஆசை வந்ததே இந்த ஒரு விஷயத்தால்தான்.

இதில் பகடை கிடையாது, சீட்டுக்கட்டுதான். பகடை உருட்டுவது கண்ணியமானவர்களுக்கு அழகில்லை, சீட்டாடுவதுதான் மரியாதை என்று அந்தக் காலத்து மேட்டுக்குடியின் குரலிலேயே விதிப்புத்தகம் காரணம் சொல்கிறது. ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு. கிளாவர் என்றால் உடல் பலம், டைமன் என்றால் அறிவு, ஆட்டின் என்றால் மனசு சம்பந்தப்பட்டது, ஸ்பேடு என்றால் சமூக அந்தஸ்து. செய்யும் காரியத்துக்குப் பொருந்தும் இனத்தில் சீட்டு போட்டால் அதன் முழு மதிப்பும் உங்கள் திறமையோடு சேரும். வேறு இனம் என்றால் 1 மட்டுமே சேரும். ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஏஸ் 14. விதியின் பெரும்பகுதி இவ்வளவுதான். இதையும் அழைப்பில் விளக்கக் கூடாது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.

ரோல்பிளே என்றாலே ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று இருக்கும் ஊரில் வேறொரு விளையாட்டுக்கு ஆள் சேர்ப்பது கஷ்டம். வருபவர் புதிதாக ஒரு புத்தகம் வாங்க வேண்டுமா, எத்தனை வாரம் கட்டுப்பட வேண்டும், வரலாறு தெரியாவிட்டால் அசிங்கப்படுவோமா என்ற மூன்று பயங்களோடுதான் வருகிறார். விக்டோரியா காலம் என்று போட்டதும் மூன்றாவது பயம் ரொம்பவே கூடிவிடுகிறது. என்னுடைய பழைய அழைப்பு அந்தப் பயத்தைத்தான் வளர்த்திருக்கிறது.

இப்போது நான் போடும் அழைப்பு இப்படி இருக்கும்:

“1870, மியூனிக் போகும் இரவு ரயில். உங்கள் பெட்டியில் இருந்தவர் இறங்காமலே காணாமல் போய்விட்டார். அவருடைய பை உங்கள் மடியில் இருக்கிறது. ஒரே ஒரு அமர்வு, இரண்டரை மணி நேரம். கதாபாத்திரம் தயார். புத்தகம் வேண்டாம், வரலாறு தெரிய வேண்டாம். ஒரு சீட்டுக்கட்டு மட்டும் எடுத்து வையுங்கள்.”

அவ்வளவுதான். இதற்குக் கீழே நேரமும், பிரிட்டிஷ் பேரரசைப் பற்றிய ஒரு வரியும் வரும். அந்த வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ரயிலை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடைவழி கிடையாது. கதவைச் சாத்தினால் அடுத்த நிலையம் வரை அதே முகங்கள்தான். 1864இல் லண்டனில் ஓடும் ரயிலுக்குள் ஒரு வங்கி அலுவலர் கொல்லப்பட்டு, அந்த அதிர்ச்சியில்தான் பயணிகள் உதவி கேட்க ஒரு வழி வேண்டும் என்று 1868இல் அங்கே சட்டமே வந்தது. வண்டி ஓடும்போது வெளிப்படிக்கட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பக்கத்துப் பெட்டிக்குப் போகலாமா என்று யாராவது ஒருவர் கேட்பார். எல்லா முறையும் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் விளையாட்டு தானாகச் சூடு பிடித்துவிடும். முதலில் கதையில் ரயிலுக்குள்ளேயே சாப்பிட ஒரு தனிப் பெட்டியும் வைத்திருந்தேன். அப்போது ஐரோப்பாவில் அதெல்லாம் வரவில்லை என்று ஆட வந்த ஒருவர் சொன்னார். சரி என்று அதை நிலையத்துச் சிற்றுண்டி அறையாக மாற்றினேன். இருபது நிமிடத்தில் எல்லாரும் அடித்துப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏற வேண்டும் என்பது கதைக்கு இன்னும் நல்லதாகிவிட்டது.

தயார் கதாபாத்திரம் என்றால் எண்கள் நிறைந்த தாள் கொடுப்பதில்லை. இந்த விளையாட்டில் கதாபாத்திரத்துக்கு ஒரு டைரிதான் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஆளுக்கு அரைப் பக்க டைரி எழுதி முந்தின நாளே அனுப்பிவிடுவேன். தந்தி அலுவலகத்துப் பெண்ணின் டைரிதான் அதிகம் பேர் விரும்பி எடுப்பது. 1870 பிப்ரவரியில் பிரிட்டனில் தந்தி முழுக்க அஞ்சல் துறைக்குக் கைமாறியது. தனியார் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்களும் கூடவே வந்தார்கள். அதே ஆண்டு கடலடிக் கம்பி வழியாக லண்டனும் பம்பாயும் இணைந்தன. எல்லார் ரகசியமும் தன் விரல் வழியாகப் போவதைப் பார்த்த ஒரு பெண், சம்பளம் மட்டும் பாதி. இவ்வளவு சொன்னாலே ஆட வந்தவர் மீதியைத் தானாக எழுதிவிடுகிறார்.

மறக்க முடியாத ஒரு இரவு. அந்தத் தந்திப் பெண்ணை எடுத்தவர் முதல் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. சிற்றுண்டி அறையில் ஒரு பிரஷ்ய அதிகாரி எழுந்து வந்து, அந்தப் பையைக் கொடு என்று கை நீட்டுகிறார். மற்ற மூவர் கையிலும் ஸ்பேடு இல்லை. கொஞ்ச நேரம் மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் தந்திப் பெண்ணை ஆடியவர் மெதுவாக, “நான் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் தொப்பியோடு நிற்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டு ஸ்பேடு ராணியைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினார். திறமை 6, சீட்டு 12, மொத்தம் 18. கதையை நடத்துபவன் என்பதால் அதிகாரிக்கு நான்தான் சீட்டு போட வேண்டும், எவ்வளவு கூட்டிப் பார்த்தும் 13தான் வந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். அன்றைக்கு வந்த நால்வரில் மூன்று பேர் இன்றும் என்னோடு ஆடுகிறார்கள்.

கேமராவுக்கு முன்னால் நிஜச் சீட்டை நீட்டுவதும் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததுதான். ஆரம்பத்தில் ஆன்லைன் மேசைத் தளம் ஒன்றில் சீட்டு போட்டோம். ஒருநாள் சண்டையின் உச்சத்தில் எல்லார் கையிலும் இருந்த சீட்டுகள் ஒரே நொடியில் கட்டுக்குத் திரும்பிவிட்டன. அதற்குப் பிறகு ஆளுக்கொரு சீட்டுக்கட்டு வீட்டில் வைத்து ஆடுகிறோம், பேச்சுக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி. விதிப்படி எல்லாருக்கும் ஒரே கட்டு. அதில் ஏஸ் யாரிடம் போயிற்று என்ற கணக்கு ஒரு சுவை, அது எங்களுக்குப் போய்விட்டது. ஆனாலும் விரலுக்கு நடுவே சீட்டு இருக்கும்போது மனிதர்கள் கவனமாக இருக்கிறார்கள். வேறு டேப் திறந்து மேய்வது நின்றுவிட்டது. நான் இதையே சிபாரிசு செய்வேன்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. டொராண்டோ ஸ்கார்பரோவிலிருந்து ஒரு ஈழத்துச் சகோதரி வந்தார், ரோல்பிளே என்ற வார்த்தையே அவருக்குப் புதுசு. சீட்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “அண்ணா, இதில ஜாக் பெரிசில்லையோ?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர். அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ராணிக்கு வெறும் 2. ராணியை வீசி எறியும் பழக்கத்தை விட அவருக்கு ஒரு அமர்வு பிடித்தது. எந்தச் சீட்டை எப்போது பிடித்து வைக்க வேண்டும் என்பதில் இன்று எங்கள் குழுவில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இப்போது அந்த ஒரு வரி. “பேரரசு செய்த கொடுமையை இந்த மேசை மறைக்காது, அதை வேடிக்கையாகவும் ஆக்காது.” விக்டோரியா காலம் என்றால் பலருக்குத் தொப்பியும் தேநீரும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் நடந்த பஞ்சம் நினைவுக்கு வருகிறது. ஊர் ஊராக மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவித்தார். இதைத் தெரிந்துகொண்டே அந்தக் காலத்துக்குள் சாகசம் ஆட முடியுமா என்று நானே பல நாள் யோசித்திருக்கிறேன். முடியும், யார் கண்ணில் கதையைப் பார்க்கிறோம் என்பதில் நேர்மை இருந்தால். ஒருவர் தனிச் செய்தியில், வேலைக்காரனாக இல்லாத ஒரு இந்தியக் கதாபாத்திரம் எடுக்கலாமா என்று கேட்டார். கேட்க வேண்டியிருந்ததே எனக்கு வருத்தமாக இருந்தது. தாதாபாய் நௌரோஜி லண்டனில் கிழக்கிந்தியச் சங்கத்தைத் தொடங்கியது 1866இல். அப்போதே அங்கே படிக்கவும் வாதாடவும் வணிகம் செய்யவும் இந்தியர்கள் இருந்தார்கள். அன்று முதல் என்னுடைய ஆறு டைரிகளில் ஒன்று, சட்டம் படிக்கும் சென்னை மாணவருடையது. அந்த வரியைச் சேர்த்த பிறகு வருபவர்கள் கூடினார்களே தவிர குறையவில்லை.

குறைகளும் உண்டு. மந்திர விதிகள் புதியவர்களுக்கு இழுவை. தனிக்கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துச் சக்தி சேர்க்க வேண்டும், அதற்குள் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதனால் முதல் அமர்வில் மந்திரவாதியை நான் வைப்பதே இல்லை. புதியவர்கள் ராஜாவையும் ஏஸையும் கடைசி வரை பொத்தி வைத்துக்கொண்டு நடுவில் தோற்றுக்கொண்டே போவார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நேர விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வட அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறார்கள், பிரிட்டனில் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் ஐந்து மணி நேர இடைவெளி நான்காகிவிடும். இதனால் ஒரு வருடம் பாதிப் பேர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். டிஸ்கார்டில் அவரவர் ஊர் நேரத்தைத் தானாகக் காட்டும் நேரக்குறி போடும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆட்டம் முடிந்ததும் அடுத்த வாரம் வருகிறீர்களா என்று நான் கேட்பதில்லை. மூன்று நாள் கழித்து அவர்களுடைய கதாபாத்திரத்தின் பெயருக்கு, கதைக்குள்ளிருந்தே ஒரு கடிதம் அனுப்புவேன். காணாமல் போனவரின் மனைவி எழுதியதாக நாலு வரி. பதில் எழுதுபவர்கள் குழுவுக்கு வருவார்கள். எழுதாதவர்களை நான் தொந்தரவு செய்வதில்லை.

போன மாதம் அந்தத் தந்திப் பெண்ணை ஆடியவர் தனியாக ஒரு மேசை தொடங்கியிருக்கிறார். வேறு ரயில், வியன்னாவிலிருந்து புறப்படுகிறது. இரண்டு இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார். ஒன்றில் நான் உட்காரப் போகிறேன்.