விலையுயர்ந்த பொம்மையா, வார்டிலேயே ஒத்திகையா?

குழந்தை பிறந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டூட்டி டாக்டர், நர்ஸ், மயக்க மருந்து நிபுணர் என்று ஐந்தாறு பேர் ஓடி வருகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் மருந்தை எடுத்துவர யார் போனார்கள், ரத்த வங்கிக்கு யார் போன் செய்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. நிஜம் போலவே நடித்துப் பழகும் சிமுலேஷன் பயிற்சி இந்தக் குழப்பத்தைச் சரிசெய்யத்தான்.

அதற்கு இன்று இரண்டு வழிகள் பெரிதாகப் பேசப்படுகின்றன. ஒன்று, தனிப் பயிற்சி மையம்: நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் காட்டும், பிரசவமும் ஆகும் மின்னணு பொம்மை, வீடியோ பதிவு, அப்புறம் உட்கார்ந்து அலசல். மற்றது, சொந்த லேபர் வார்டிலேயே ஒத்திகை. மாமாநாட்டலி போன்ற செயற்கை வயிற்றைச் சக ஊழியர் ஒருவர் கட்டிக்கொள்வார். செயற்கை ரத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். (இதில் எளிய வழிக்குத்தான் வயது அதிகம். 18-ஆம் நூற்றாண்டிலேயே மதாம் து கூத்ரே என்ற பிரெஞ்சு மருத்துவச்சி துணியில் தைத்த இடுப்பையும் குழந்தையையும் வைத்து ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.)

மையத்தின் பலம் அமைதி. நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள், தப்பு செய்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஆய்வில், மையத்தில் ஒருநாள் குழுப் பயிற்சி எடுத்த பிறகும் மொத்தச் சிக்கல்கள் குறையவில்லை. குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ளும்போது ஏற்படும் காயங்கள் மட்டும் குறைந்தன.

சரி, வார்டு? இங்கிலாந்தின் சேஃப் ஆய்வில் 140 மருத்துவர்களையும் மருத்துவச்சிகளையும் பிரித்து, சிலருக்கு மையத்திலும் சிலருக்கு அவரவர் மருத்துவமனையிலும் பயிற்சி தந்தார்கள். இடத்தால் பெரிய வித்தியாசம் ஏதும் வரவில்லை. அப்படியென்றால் பயணச் செலவும் மைய வாடகையும் எதற்கு என்று நிர்வாகம் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

என் கட்சி வார்டு. காரணம் செலவு மட்டும் இல்லை. மருந்து ஃபிரிட்ஜின் சாவி யாரிடம் என்பதும், ரத்தம் வந்து சேர எத்தனை நிமிடம் என்பதும், ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்டுக்குள் நுழையுமா என்பதும் மையத்தில் தெரியவே தெரியாது. பிரிஸ்டலின் சவுத்மீட் மருத்துவமனையில் 2000 முதல் எல்லா ஊழியர்களையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கேயே பயிற்சி கொடுத்தார்கள். தோள் சிக்கலில் குழந்தைக்குக் காயம் ஏற்படும் விகிதம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 ஆக இறங்கியது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஏமாற்று வேலை. அதே பயிற்சி ஸ்காட்லாந்தின் 12 பிரசவப் பிரிவுகளுக்குப் போனபோது, பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் குழந்தைகளின் உடல்நிலையைக் கணித்துப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. பொட்டலம் கட்டி அனுப்பினால் வேலை செய்யும் சரக்கு இல்லை இது.

இடத்தைவிட எத்தனை முறை என்பது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. டான்சானியாவின் ஹைடோம் மருத்துவமனையில் பச்சிளம் குழந்தையை மூச்சுவிட வைக்கும் பயிற்சியை ஒருநாள் வகுப்பாக நடத்தினார்கள். பொம்மையிடம் பெரும்பாலோர் தேறினார்கள், நிஜக் குழந்தைகளிடம் கைப்பழக்கம் மாறவில்லை. பிறகு வார்டிலேயே அடிக்கடி, சில நிமிடங்கள் மட்டும் பயிற்சி என்று மாற்றியதும் முதல் 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள்.

வார்டு ஒத்திகைக்கும் தலைவலிகள் உண்டு. நிஜப் பிரசவம் வந்தால் ஒத்திகை ரத்தாகும், அதுவும் மாதக்கணக்கில். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பயந்துபோகலாம், அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். போலி மருந்துக் குப்பி நிஜ டிராலியில் தங்கிவிட்டால் விபரீதம். அதனால் எண்ணிக் கொண்டுவந்து எண்ணித் திருப்பி எடுத்துப்போக வேண்டும்.

நல்ல பொம்மைக்குச் செலவிட வேண்டிய ஒரே இடம் தோள் சிக்கல். எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பதை அளந்து காட்டும் பொம்மையில் பழகியவர்கள், சாதாரண பொம்மையில் பழகியவர்களைவிட அதிகமாக வெற்றி பெற்றார்கள். அங்கே கைக்குத்தான் பாடம். ரத்தப்போக்குக்கும் வலிப்புக்கும் கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருப்பதே மேல், "எனக்கு என்ன ஆகுது?" என்று அவர் கேட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா?

ஆகவே பணம் குறைவாக இருந்தால் கட்டிக்கொள்ளும் வயிறு ஒன்றும் தோளுக்கான பொம்மை ஒன்றும் வாங்குங்கள். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதியையாவது இரவு டூட்டியில் வையுங்கள். மையத்துக்கு ஆள் அனுப்பும்போது எப்போதும் விடுபட்டுப்போவது அந்தக் குழுதான்.