டியூடர் கால வெள்ளிக் குண்டூசி: நகல் வாங்குமுன் எடை பாருங்கள்

டியூடர் மன்னர்கள் ஆண்ட 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முக்காட்டையும் மேலாடையையும் குத்தி நிறுத்திய, தங்க முலாம் பூசிய வெள்ளிக் குண்டூசிகளின் நகல்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குபவர்களில் பலர் வரலாற்று உடை தைப்பவர்கள். படத்தில் எல்லா நகலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தராசில் வைத்தால்தான் சாயம் வெளுக்கும்.

அசல் ஊசிகளில் உருண்டைத் தலை உள்ளே வெற்று. மெல்லிய தகட்டை இரண்டு அரைக்கோளங்களாக அடித்துப் பற்றவைத்து, மேலே முறுக்குக் கம்பி வளையங்களும் சிறு வெள்ளி அரும்புகளும் பதித்திருப்பார்கள். 10 மி.மீ. உருண்டையை 0.4 மி.மீ. தகட்டில் செய்தால் 1.2 கிராம்தான் வரும். அதையே மெழுகு வார்ப்பில் கட்டியாக வார்த்தால் 5.4 கிராம். 60 மி.மீ. நீளமும் 1.2 மி.மீ. பருமனும் கொண்ட தண்டோ வெறும் 0.7 கிராம். கட்டித் தலை கவிழாமல் என்ன செய்யும்? துணியில் குத்திய துளையையும் இழுத்து அகலமாக்கிவிடும். வார்ப்பு நகலைக் கண்ணாலும் பிடிக்கலாம்: கம்பிக்கு அடியில் இடுக்கே தெரியாது, அரும்புகள் மழுங்கியிருக்கும். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கையால் செய்த வெற்றுத் தலை நகல்தான் காசுக்குத் தகும். அதிலும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, இணைப்பு வரி. பற்றவைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால், சுத்தம் செய்யத் தோய்த்த அமிலம் உள்ளே தங்கி, பிறகு மெல்லக் கசிந்து முலாமைக் கறுக்க வைக்கும். இன்னொன்று, தண்டு. வெள்ளிப் பற்றவைப்புக்கு 650 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கம்பி இழுத்தபோது ஏறிய விறைப்பு இறங்கிவிடும். விரலால் லேசாக அழுத்துங்கள். திரும்பி நிமிராமல் வளைந்தே நின்றால், செய்தவர் கடைசி வேலையை விட்டுவிட்டார் என்று பொருள். தலைக்குச் சற்றுக் கீழே ஒரு குறடு, நுனிக்கருகே இன்னொன்று (குறட்டின் வாயில் தோல் சுற்றிக்கொள்ளுங்கள்), இரண்டு மூன்று முழுச் சுற்று முறுக்கினால் விறைப்பு திரும்பும். தலையைப் பிடித்து முறுக்கினால் இணைப்பு விட்டுப்போகும். முலாம் பூசிய தண்டில் இதைச் செய்யாமல் திருப்பி அனுப்புவதே நல்லது. மண்ணில் கிடைத்த அசல் ஊசி வளைந்திருந்தால் நிமிர்த்தவே கூடாது; பழைய வெள்ளி முறியும்.

முலாம் அன்று பாதரசம் கலந்து தீயில் ஏற்றியது. பாதரச ஆவி நஞ்சு என்பதால் இன்று மின்முலாம்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலிஷ் பசை மட்டும் போடாதீர்கள், மெல்லிய முலாம் அரும்பு முனைகளில் முதலில் போய்விடும்.

சில கடைகள் பித்தளை ஊசிகளையும் சேர்த்துத் தருகின்றன. அதன் தலை, தண்டில் இரண்டு சுற்றுக் கம்பி சுற்றி அச்சில் நசுக்கியது. 1543இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் சட்டமே தலையைத் தண்டோடு உறுதியாகப் பற்றவைக்கச் சொன்னது. வெறும் பசையில் ஒட்டியதைத் திருகிப் பார்த்தால் சுழலும். சுழலாததை வைத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய லினனுக்கு 1.2 மி.மீ. வெள்ளித் தண்டு அதிகம், 0.8 மி.மீ. பித்தளையே போதும்.