வீட்டுலயே பிசியோதெரபிக்கு விஆர் ஹெட்செட் - எங்க வீட்டு அனுபவம்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை வீக்கா இருக்கு, அவருக்காகத்தான் மெட்டா குவெஸ்ட் 3-ங்கிற விஆர் ஹெட்செட் (கண்ணுல மாட்டுனா சுத்தி கம்ப்யூட்டர் காட்சி தெரியுற கருவி) வாங்கினோம், வாங்கினது ரொம்ப நல்லதுன்னுதான் சொல்லுவேன். கைய தூக்கி இறக்குங்கன்னா கொஞ்ச நேரத்துலயே போதும்பான்னுடுவாரு, ஆனா ஹெட்செட் கேம்ல கண்ணு முன்னாடி பலூன் மிதந்து வந்தா அத உடைக்க தானாவே கை நீளுது, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் திரும்பத் திரும்ப செய்யுறதுதான முக்கியம். பிடிமானம் இல்லாதவங்களுக்கு ஹேண்ட் டிராக்கிங் பெரிய வரம், கண்ட்ரோலரே பிடிக்க வேணாம், கேமராவே விரல பார்த்துக்கும்.

ஒண்ணு கவனிங்க. தோள் தூக்க முடியலன்னா அவங்களுக்கே தெரியாம உடம்ப சாய்ச்சு எட்டிடுவாங்க, கேம் அதுக்கும் பாயிண்ட் குடுத்துடும்! அதனால ஹெட்செட்ல தெரியுறத போன்ல காஸ்ட் பண்ணிட்டு (அதே காட்சி போன்லயும் வரும்) பக்கத்துலயே நிக்கணும், என்ன தெரியுதுன்னு போன்லயும் உடம்பு சாயுதான்னு நேர்லயும் பார்த்துக்கலாம், எந்த அசைவு வேணும்னு பிசியோ மேடம்கிட்ட முதல்லயே கேட்டுக்கிட்டோம்.

எடை 515 கிராம், கழுத்து வலி இருக்குறவங்க போட்டுப் பார்த்துட்டு வாங்குங்க. ஒரு தடவ சார்ஜ் பண்ணா சுமார் ரெண்டு மணி நேரம் ஓடும், தெரபிக்கு தாராளம். கை இல்லாத சேர் வேணாம், கைப்பிடி வச்ச சேர்ல உக்கார வச்சே பண்ணுங்க, நடக்குற ஓடுற கேம் தலைசுத்தும். வலிப்பு வந்தவங்கன்னா டாக்டர கேக்காம மாட்டி விடாதீங்க ப்ளீஸ்.