பைபாஸ் ஓர நர்சரி: முன்வரிசையைத் தாண்டிப் போனால் தேறும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகிற பைபாஸில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றில்தான் 2021-லிருந்து மரக்கன்று வாங்கிக்கொண்டிருக்கிறேன். பெயர் எழுதவில்லை. திட்டப்போவது கொஞ்சம் அதிகம், அதோடு அக்கம்பக்கத்துக் கடைகளிலும் ஏறக்குறைய இதே கதைதான் என்பதால் எந்தக் கடைக்குப் போனாலும் உதவும். மார்க் கேட்டால் ஐந்துக்கு மூன்று. கடையின் பின்பக்கத்துக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் நாலரை.

முதலில் நான் ஏன் மரத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடலூர். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது, அப்பா ஆசையாக வளர்த்த மயில்கொன்றை அடியோடு சாய்ந்து காம்பவுண்ட் சுவரை உடைத்து, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போய்ப் படுத்தது. மே மாதம் தெருவே சிவப்பாகத் தெரியும், அவ்வளவு அழகான மரம், மடகாஸ்கரிலிருந்து வந்தது, வேர் மேலாக ஓடும், கிளையும் சடக்கென்று முறியும். பின்னால் நின்ற இரண்டு பனை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போன கதையை ஊரே அறியும். ஆகவே புது வீடு கட்டியதும், விழாத மரம்தான் வைப்பது என்று முடிவோடுதான் நர்சரிக்குப் போனேன். போய் என்ன செய்தேன்? முன்வரிசையைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

அந்த முன்வரிசையே வாடிக்கையாளரை மயக்குவதற்கென்று அடுக்கியதுதான். உருண்டை உருண்டையாக வெட்டிய ஃபைகஸ், ஃபாக்ஸ்டெய்ல் பனை, குடை மாதிரி தட்டுத் தட்டாக விரியும் டெர்மினேலியா, பத்தடி உயரத்தில் பூவோடு நிற்கிற பிங்க் தபேபூயா. பாதிக்கு மேல் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகிறவை. வேரைச் சுற்றியிருக்கிற களிமண்ணைப் பார்த்தாலே நம் ஊர் மண் இல்லை என்று தெரியும். அங்கே தண்ணீரும் நிழலும் காட்டி வளர்த்த செடி, இங்கே உப்புக்காற்றிலும் கப்பி கொட்டி மண் அடித்த மனையிலும் வந்து முழிக்கிறது. போன தடவை போனபோதும் ஒரு மூலையில் கோனோகார்பஸ் இருந்தது. குஜராத் 2023-லேயே அதை நடக் கூடாது என்று தடை போட்டது, பின்னாலேயே தமிழ்நாடும் போட்டது. இருந்தாலும் 'வேலிக்கு நல்லா அடர்த்தியா வரும் சார்' என்று ஒருவருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், நான் குறுக்கே போய்ச் சொன்னதும் முறைத்தார்.

சரி, என் கதை. 2021-இல் இரண்டு தபேபூயா, ஒன்று 1,800 ரூபாய், இரண்டு அசோகம், ஒன்று 350, குட்டி யானை வாடகை 900. அசோகம் என்று நான் கேட்டது சீதை உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்களே, கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூக்குமே, பழைய பாட்டுகளில் செயலை என்று வருமே, அந்த மரத்தை. போனில் படமும் காட்டினேன். முதலாளி ஒரு நொடி பார்த்துவிட்டு 'அதேதான் சார், பூக்கும்போது இப்படி வரும்' என்றார். ஒரு வருஷத்தில் இரண்டும் கொடிக்கம்பம் மாதிரி நேராகப் போயின. நெட்டிலிங்கம்! ஊரில் பாதிப் பேர் அதைத்தான் அசோகா என்கிறார்கள், அவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. நெட்டிலிங்கமும் நம் பக்கத்து மரம்தான், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் கேட்டது நிழலும் பூவும், கிடைத்தது இரண்டு தூண்.

வாங்குமுன் இலையைப் பாருங்கள், போதும். நெட்டிலிங்க இலை ஒற்றையாக நீளமாக, ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிநெளியாக இருக்கும். நிஜ அசோகத்தில் ஒரே காம்பில் ஜோடி ஜோடியாக இலை, ஓரம் நெளியாது. அதைவிட எளிது அதன் தளிர்: செம்பு நிறத்தில், நனைந்த துணியைக் கொடியில் போட்ட மாதிரி துவண்டு தொங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் செடி வாடிவிட்டது என்று தண்ணீர் ஊற்ற ஓடுவார்கள்.

தபேபூயா என்ன ஆயிற்று? மூன்று வருஷம் தளதளவென்று வளர்ந்தது, இரண்டு தடவை பூத்தது, தெருவில் போகிறவர்கள் நின்று செல்ஃபி எடுத்தார்கள், எனக்கும் பெருமைதான். அப்புறம் 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இங்கே மழையோடு முடியவில்லை, சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை வேறு ஊருக்குள் வந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்தபோது ஒரு தபேபூயா சுவரில் சாய்ந்து நின்றது. தூக்கி நிறுத்தலாம் என்று நானும் மச்சானும் கயிறு கட்டி இழுத்தோம். மரம் முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

வேரைக் கழுவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மண்பானை தூக்குகிற பெண்கள் தலையில் வைப்பார்களே சும்மாடு, அச்சு அசல் அப்படி. கட்டைவிரல் தடிமனில் வேர், ஒரு சாண் அகலத்துக்குள் சுற்றிச் சுற்றித் தன்னையே இறுக்கிக்கொண்டிருந்தது. அந்த வட்டம், சின்ன பாக்கெட் ஒன்றின் அளவு. அதாவது சின்ன கவரிலேயே வருஷக்கணக்கில் வைத்திருந்து, விற்கிற சமயத்தில் பெரிய பைக்கு மாற்றியிருக்கிறார்கள். மேலே பத்தடி மரம், கீழே ஒரு சாண் வேர். மூன்று வருஷம் நின்றதே பெரிய விஷயம். இன்னொன்றுக்கு மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த ஐப்பசி வரை அதற்குக் கெடு.

இவ்வளவுக்கும் பிறகு அதே கடைக்கு எதற்குப் போனாய் என்று வீட்டில் கேட்டார்கள். சண்டை போடத்தான் போனேன். முதலாளி இல்லை. நிழல்வலைக்குப் பின்னால் ஒரு அம்மா ஓஸில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், அவரிடம் பொருமினேன். 'முன்னாடி நிக்கிறதெல்லாம் பார்க்கத்தான் தம்பி. உனக்கு மரம் வேணும்னா இங்க வா' என்று உள்ளே கூட்டிப்போனார். அங்கேதான் இந்தக் கடையின் நிஜமான சரக்கு இருக்கிறது. முழங்கால் உயரத்துக்குக்கூட வராத கன்றுகள், கறுப்பு பாக்கெட்டில், போர்டு கிடையாது, விலை கிடையாது. புன்னை, மகிழம், புங்கை, பூமருது, மாவிலங்கம், வன்னி, இலுப்பை, செங்கடம்பு. எல்லாம் அந்த அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் விதை பொறுக்கி வந்து போட்டவை. புன்னை விதை எங்கே கிடைக்கிறது என்று கேட்டால், வௌவால் தின்றுவிட்டுப் போட்டதை மரத்தடியில் பொறுக்குவோம் என்கிறார்.

அவர் கன்று தேர்ந்தெடுக்கிற விதத்தை அப்படியே எழுதிவிடுகிறேன், எந்த யூடியூப்பிலும் நான் பார்த்ததில்லை. தண்டின் அடியைப் பிடித்து லேசாக அசைப்பார், மண்ணும் சேர்ந்து அசைந்தால் சரி, தண்டு மட்டும் கூடையில் செருகின கம்பு மாதிரி ஆடினால் வேண்டாம். அப்புறம் பாக்கெட்டைத் தூக்கி அடியைப் பார்ப்பார். ரொம்ப நாள் ஒரே இடத்தில் இருந்தால் ஆணிவேர் கவரைத் துளைத்துத் தரைக்குள் போயிருக்கும், தூக்கும்போது 'டக்'கென்று அறுகிற சத்தம் கேட்கும். அப்படி அறுந்த கன்றை அன்றைக்கே எடுத்துப்போய் நட்டால் ஒரு வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும். 'இத நிழல்ல எடுத்து வெக்கிறேன், பதினஞ்சு நாள் கழிச்சு வா, புதுத் துளிர் விட்டிருந்தா எடுத்துட்டுப் போ.' மகிழத்துக்கு அப்படித்தான் இரண்டாம் தடவை போனேன். சரியாகத் துளிர்த்திருந்தது.

போன புரட்டாசியில் வாங்கியவை: புன்னை 60 ரூபாய், மகிழம் 80, சரக்கொன்றை 50, பவழமல்லி 40. நான்கும் சேர்த்து 230, ஒரு தபேபூயாவின் விலையில் ஏழில் ஒரு பங்குகூட வராது. ஸ்கூட்டரின் முன்னால் வைத்தே கொண்டுவந்துவிட்டேன்.

இதில் புன்னைதான் எங்கள் பக்கத்துக்கு முதல் தேர்வு என்பேன். கடலோர மரம், உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, தடித்த பளபள இலை, வெள்ளைப் பூவில் மஞ்சள் மகரந்தம், மயிலை கபாலீசுவரர் கோயிலில் தலவிருட்சமே இதுதான். வளர்வது மட்டும் ஆமை வேகம், பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம். மகிழமும் மெதுவே, ஆனால் காய்ந்த பிறகும் மணக்கிற பூ வேறு எத்தனை இருக்கிறது? சரக்கொன்றைக்கு ஒரு எச்சரிக்கை: பங்குனியில் மொட்டையாக நிற்கும், பயப்படாதீர்கள், சித்திரையில் மஞ்சளாகக் கொட்டும். கன்றாக இருக்கும்போது பச்சைப் புழு வந்து இலையை ஒரே வாரத்தில் மேய்ந்துவிடும். அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு, மருந்தடிக்காமல் விட்டால் மறுபடி துளிர்க்கிறது, எனக்குத் துளிர்த்தது. பவழமல்லியைப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே வைத்தேன், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பின்வரிசை என்றால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். 'நாட்டு மரம்' என்றால் நல்ல விலை போகிறது என்று முதலாளிக்கும் இப்போது தெரிந்துவிட்டது. என்னிடம் கடம்பும் மருதமும் தள்ளப் பார்த்தார். கடம்பு இரண்டே வருஷத்தில் நிழல் தரும், உண்மைதான், ஆனால் அது காட்டில் பனையைத் தாண்டி வளர்கிற மரம். மருதம் ஆற்றங்கரைக்கு. 2,400 சதுர அடி மனையில், செப்டிக் டேங்க்குக்கு எட்டடி தள்ளி அதை வைத்தால், நாட்டு மரம் என்பதற்காக அது சுவரை விட்டுவைக்காது. மரமல்லியை நாட்டு மரப் பட்டியலில் சேர்த்து விற்கிறார்கள், அது பர்மா பக்கத்து மரம், வாசனை சரி, காற்றுக்கு முறிவதில் மயில்கொன்றைக்கு அண்ணன். கோயில் கோயிலாக இருக்கிற நாகலிங்கமே தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வெளியூர் மரம் என்பதற்காக வெட்டச் சொல்லவில்லை, அம்மா வைத்த ஈழத்தலரி எங்கள் வாசலில் இன்றும் இருக்கிறது, இருக்கும். எது எவ்வளவு வளரும், எங்கே நிற்கும் என்று சொல்லி விற்கலாமே என்பதுதான்.

இன்னொரு வேடிக்கை, பூவரசு ஒன்று 120 ரூபாய். ஐயா, பூவரசைக் காசு கொடுத்து வாங்குவார்களா! தெருவோரம் நிற்கிற மரத்தில் கை தடிமனுக்கு ஒரு போத்து வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் வந்துவிடும். எங்கள் ஊர் வேலியெல்லாம் அப்படி வந்ததுதான்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. பில் கிடையாது. பட்டுப்போனால் மாற்றித் தர மாட்டார்கள். தொழு உரம் என்று தருகிற மூட்டையில் பாதி செம்மண், மாடு வைத்திருப்பவரிடம் நேரே வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கல்யாண வீட்டுக் கூட்டம், அந்த அம்மாவை முன்னால் பில்லடிக்கிற வேலைக்கு நிறுத்திவிடுவார்கள் (பில்லே இல்லாத கடையில் என்ன பில்லடிப்பு என்று கேட்காதீர்கள், கூட்டல் போடுவது). விலை மட்டும் வேண்டும் என்றால் வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பார்க்கலாம், 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதிலிருந்து நிறையக் கன்று வளர்க்கிறார்கள்.

முதலாளியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். நெட்டிலிங்க விவகாரத்தை அவரிடம் நேரில் சொன்னபோது முதலில் மழுப்பினார், அப்புறம் உள்ளே போய் நிஜ அசோகம் ஒன்று எடுத்து வந்தார், ஒன்றரை அடிதான், 150 ரூபாய் விலை, எனக்கு 75. இரண்டு தூணுக்கும் நடுவில், வெயில் நேராகப் படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். சொன்னபடியே தளிர் துவண்டு தொங்குகிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். பொங்கல் கழித்துக் குருந்தம் கன்று தயாராகிவிடும் என்று அந்த நர்சரி அம்மா என் போன் நம்பர் வாங்கிவைத்திருக்கிறார்.